குடியை விட்டவருக்கு எந்தக் கூட்டம் சரிப்படும்?

"குடியை நிறுத்தி 18 நாள் ஆகிறது. ஒரு கூட்டத்துக்குப் போனேன். வந்திருந்தவர்கள் எல்லோரும் என்னைவிட இருபது வயது மூத்தவர்கள், பேச்சு முழுக்கக் கடவுள். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். எனக்கு ஏற்ற கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?" இதுதான் நீங்கள் கேட்டது. மனைவியை அழைத்துப் போகலாமா, வீடியோவில் நடக்கும் கூட்டம் போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள்.

நான் குடியை விட்டு 11 வருடம் ஆகிறது. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும் மூன்று வகை அமைப்புகளின் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் கூட்டத்தில் நானும் எழுந்துதான் வந்தேன், பாத்ரூமுக்குப் போகிறவன் மாதிரி நடித்துக்கொண்டு. ஆகவே நீங்கள் பாதியில் வந்ததைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஓட்டலில் சாப்பாடு பிடிக்கவில்லை என்று யாரும் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவதில்லை.

தொடங்குமுன் ஒன்று. இது உங்களுக்கு அல்ல, இதைப் படிக்கும் வேறு யாருக்காவது. தினமும் நிறையக் குடித்துக்கொண்டிருந்துவிட்டு இன்றுதான் நிறுத்தப்போகிறீர்கள் என்றால், கூட்டத்தைத் தேடும் முன் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று நிறுத்தும்போது முதல் ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குச் சித்தப்பிரமை வரும். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், இடம் நேரம் குழம்பும், உடம்பு கொதிக்கும். இதில் உயிரே போகலாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கி அதற்கு மேல் போகிறது என்றால் அது ஆஸ்பத்திரி வேலை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருக்கும் நாங்கள் அதில் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் 18 நாளைத் தாண்டிவிட்டீர்கள், அந்தக் கண்டம் கடந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது, எந்த அமைப்பு நல்லது என்றுதான். நான் முதலில் கேட்கச் சொல்வது, உங்களுக்கு எந்த நேரம் கெட்ட நேரம் என்று.

குடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் உண்டு. எனக்கு மாலை ஆறரை. வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும் முன்பே நாக்கு கேட்கும். எட்டரையைத் தாண்டிவிட்டால் அன்றைக்குத் தப்பித்தேன். இது புரியாமல் முதல் மாதம் முழுக்க ஞாயிறு காலை பத்து மணிக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம், நல்ல மனிதர்கள். ஆனால் ஞாயிறு காலையில் எனக்குக் குடிக்கத் தோன்றியதே இல்லை. வெயில் நாளில் குடை பிடித்துக்கொண்டு போய், மழையில் வெறுங்கையோடு நனைந்த கதைதான். வியாழக்கிழமை மாலை மறுபடி குடித்தேன்.

ஒரு தாளை எடுத்து ஏழு நாளையும் எழுதிக்கொள்ளுங்கள். குடித்துக்கொண்டிருந்த கடைசி இரண்டு மாதத்தில் முதல் கிளாஸ் எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு என்று நினைவிலிருந்து குறியுங்கள். சம்பள நாள், வீட்டில் யாரும் இல்லாத நாள், மறுநாள் விடுமுறை என்கிற இரவு, இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள். அரை மணி நேரத்தில் ஒரு வடிவம் தெரியும். அந்த நேரத்தில், நீங்கள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் என்ன கூட்டம் இருக்கிறது என்பதுதான் முதல் சல்லடை. வயது, கடவுள், கொள்கை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏஏ என்று சுருக்கமாகச் சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கியதே இப்படி ஒரு கெட்ட நேரத்தில்தான். 1935 மே மாதம், ஒரு சனிக்கிழமை. பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம். வந்த காரியம் தோல்வி, கையில் காசு இல்லை. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசியும், பக்கத்தில் சர்ச்சுகளின் பட்டியலும். அவர் போனை எடுத்தார். தன்னைப் போலவே குடியில் மாட்டியிருக்கும் ஒருவரிடம் பேச வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்று தெரியாத ஆட்களிடம் கேட்டார். மறுநாள் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம்தான் தருவேன் என்ற நிபந்தனையோடு வந்த டாக்டர், ஆறு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அதன் பிறகும் டாக்டர் ஒருமுறை குடித்தார். அவருடைய கடைசிக் குடி 1935 ஜூன் 10 என்பது ஏஏ-வின் கணக்கு. அந்த நாளைத்தான் அமைப்பின் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள். நானும் வியாழக்கிழமை சறுக்கியவன் என்பதால் இந்த விவரம் எனக்குப் பிடிக்கும்.

இப்போது பட்டியலைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். ஏஏ சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. அந்தந்த நாட்டின் ஏஏ இணையதளத்தில் ஊர்வாரியாக, நாள்வாரியாகக் கூட்டங்கள் இருக்கும். மீட்டிங் கைடு என்று அவர்களுடைய இலவச செயலி ஒன்றும் உண்டு. பட்டியலில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பக்கத்தில் ஓரிரு குறிச்சொற்கள் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முக்கியமானது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்பது. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், உங்கள் மனைவி உட்பட. மூடிய கூட்டம் குடியை விட வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான்: திறந்த கூட்டத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள், பயம் தெளியும். அப்புறம் தனியாகப் போங்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போது நான் பேசியதும், இல்லாதபோது பேசியதும் இரண்டு வேறு ஆட்கள் பேசியது போல இருந்தது. அவருக்கென்றும் தனியாக ஒரு இடம் உண்டு. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951-ல் தொடங்கிய அல்-அனான். பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

அடுத்தது கூட்டத்தின் வகை. சில கூட்டங்களில் ஒருவரே அரை மணி நேரம் தன் கதையைச் சொல்வார். சிலவற்றில் ஒரு தலைப்பை வைத்து ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசுவார்கள், 'ஷேரிங்' என்பார்கள். சிலவற்றில், குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அலசுவார்கள், சிலவற்றில் புத்தகம் வாசிப்பார்கள். புதியவர்களுக்கென்றே சில இருக்கும். பெண்களுக்கு மட்டும், இளைஞர்களுக்கு மட்டும், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு என்றும் உண்டு. நீங்கள் போய் மாட்டியது பெரும்பாலும் படிகளை அலசும் கூட்டமாக இருந்திருக்கும். பதினெட்டு நாள் ஆனவருக்கு அது பாதியில் டிவியைப் போட்ட மாதிரிதான் இருக்கும். புதியவர்கள் கூட்டமோ, ஒருவர் கதை சொல்லும் கூட்டமோ தேடிப் போங்கள்.

பட்டியலை அப்படியே நம்பிவிடாதீர்கள். கூட்டம் இடம் மாறியிருக்கும், நின்றே போயிருக்கும், பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை ஆறேகாலுக்குப் பட்டியலில் இருந்த முகவரிக்குப் போய் நின்றேன். கேட்டில் பூட்டு. பூட்டின் மேல் தூசி. கையில் இரண்டு மணி நேரம், அதுவும் எனக்குக் கெட்ட இரண்டு மணி நேரம். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது சட்டைப்பையில் இருந்த ஒரு போன் நம்பர். முந்தின வாரம் ஒரு கூட்டத்தில் ஒருவர் பேனா கேட்டு வாங்கி, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தது. அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து ஐம்பது நிமிடம் பேசினேன். ஆகவே போகும் முன் உதவி எண்ணுக்குப் போன் செய்து, இந்தக் கூட்டம் இந்த வாரம் நடக்கிறதா என்று கேளுங்கள். கேட்கும்போதே, புதிதாக வருகிறேன், வாசலில் யாராவது இருப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

அந்த இரண்டாவது கேள்வி சும்மா மரியாதைக்குக் கேட்பது இல்லை. 1981-ல் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. மொத்தமே 20 பேர். பாதிப் பேரிடம் கூட்டத்தின் இடம், நேரம் எல்லாம் சொல்லி, போய் வாருங்கள் என்று அனுப்பினார்கள். மற்றப் பாதிப் பேருக்கு, ஆலோசகரின் அறையில் இருந்தபடியே ஒரு உறுப்பினருக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே வந்து அழைத்துப் போவதாக அந்த உறுப்பினர் சொன்னார். போனில் பேசியவர்கள் எல்லோரும் கூட்டத்துக்குப் போனார்கள். விவரம் மட்டும் வாங்கியவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. 20 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் வாசல் வரை போய்த் திரும்பி வந்த எவரும் இந்த முடிவைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்.

இனி கடவுள் விஷயம். ஏஏ-வின் படிகளில் கடவுள் இருக்கிறார், மறைக்க முடியாது. 'நாம் புரிந்துகொண்டபடியான' கடவுள் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சேருவதற்கு நம்பிக்கை ஒரு நிபந்தனை இல்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் நிபந்தனை. ஒரே ஏஏ-வில் ஒரு அறை கோயில் மாதிரியும், அடுத்த தெரு அறை டீக்கடை மாதிரியும் இருக்கும். ஆகவே ஒரு அறையில் கேட்டதை வைத்து மொத்தத்தையும் எடை போட வேண்டாம்.

அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் வேறு அமைப்புகள் இருக்கின்றன. ஸ்மார்ட் ரெகவரி 1994-ல் தொடங்கியது. சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் பயிற்சிகள்தான் அதன் அடிப்படை. கடவுள் கிடையாது, 'நான் குடிநோயாளி' என்று சொல்லிக்கொள்ள வேண்டியதும் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார். பெரும்பாலான ஏஏ கூட்டங்களில் ஒருவர் பேசினால் மற்றவர்கள் பதில் சொல்லக் கூடாது, கேட்டுக்கொள்வதோடு சரி. இங்கே எதிர்க்கேள்வி கேட்கலாம், யோசனை சொல்லலாம். குடிப்பதால் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று நாலு கட்டம் போட்டு எழுதச் சொல்வார்கள். கணக்குப் பார்க்கும் மனசுக்காரர்களுக்கு இது நன்றாக ஒட்டும். லைஃப்ரிங் என்பதும் மதம் சாராதது. இந்த வாரம் எப்படிப் போனது என்பதுதான் அங்கே வழக்கமான கேள்வி. விமன் ஃபார் சொப்ரைட்டி பெண்களுக்கானது, ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற சமூகவியலாளர் 1975-ல் தொடங்கினார். ஆண்கள் நிறைந்த அறையில் வாய் திறக்க முடியாத பெண்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். ரெகவரி தர்மா பௌத்தத் தியான வழி. இவற்றில் பலவும் பல இடங்களில் நேரடிக் கூட்டமாகக் கிடைக்காது, வீடியோவில் கிடைக்கும்.

எது பலன் தருகிறது? 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலோடு, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏஏ பக்கம் முறையாக வழிநடத்தும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்துக் குடியைத் தொடாமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். இதை நான் படிப்பது இப்படி: ஏஏ வெறும் பக்திப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் தப்பு. அது இல்லாவிட்டால் வேறு கதியே இல்லை என்கிறவர்களும் தப்பு. நீங்கள் தொடர்ந்து போகக்கூடிய கூட்டம்தான் உங்களுக்கு வேலை செய்யும். பிடிக்காத கூட்டம் எவ்வளவு உயர்ந்ததானாலும் மூன்றாவது வாரம் போகமாட்டீர்கள்.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்று பயந்துகொண்டே பாதிப் பேர் போவதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம், அதிகபட்சம் ஒன்றரை. உங்கள் பெயரில் முதல் பெயர் போதும். பேசச் சொல்லி முறை வந்தால், இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன் என்று சொல்லுங்கள், அடுத்தவரிடம் போய்விடும். ஏஏ-வில் ஒரு பையோ கூடையோ சுற்றி வரும், வாடகைக்கும் காப்பிக்கும். புதியவர் போட வேண்டியதில்லை, போடாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உள்ளே கேட்டது உள்ளேயே.

அந்த அறை உங்களுக்கு ஆகுமா என்பதை நான் கூட்டம் நடக்கும்போது பார்ப்பதில்லை, முடிந்த பிறகு பார்க்கிறேன். முடிந்ததும் எல்லோரும் பைக் சாவியை எடுத்துக்கொண்டு பறந்துவிடுகிறார்களா, நாற்காலியை மடக்கிக்கொண்டே பத்து நிமிடம் நிற்கிறார்களா? மூலையில் நின்ற புதியவரிடம் யாராவது போய்ப் பேசினார்களா? அவர் கையில் ஒரு நம்பராவது போனதா? நாற்காலி மடக்க நீங்களும் ஒரு கை கொடுங்கள். உட்கார்ந்து பேச வராதவனுக்கும் வேலை செய்துகொண்டே பேச வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

கிளம்பிவிட வேண்டிய அறைகளும் உண்டு. குடித்த காலத்து வீரக்கதையைச் சொல்லிச் சிரித்து முடித்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று. அங்கிருந்து வெளியே வரும்போது வாய் ஊறும். புதிதாக வந்தவரிடம், குறிப்பாகப் பெண்களிடம், பழைய உறுப்பினர்கள் அளவுக்கு மீறி ஒட்டும் இடம் இன்னொன்று. வழிகாட்டியாக, அவர்கள் மொழியில் ஸ்பான்சராக, தன் பாலினத்தவரையே வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். கடன் கேட்பது, வியாபாரத்தில் சேர்ப்பது, வேறு ஏதோ சங்கத்துக்கு ஆள் பிடிப்பது, இவையும் அப்படியே.

எல்லாவற்றையும்விட மோசமானது மருந்தில் கை வைப்பது. ஒரு கூட்டத்தில் என்னிடம் ஒருவர், மாத்திரை போட்டுக்கொண்டு குடிக்காமல் இருப்பது உண்மையான விடுதலை இல்லை என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு மனச்சோர்வுக்கான மாத்திரையை நிறுத்தினேன். ஆறு வாரம் நரகம். குடி ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவையும், மனநல மருந்துகளும் மருத்துவர் விஷயம். உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏஏ-வின் வெளியீடுகளே சொல்கின்றன. யாராவது பார்த்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்தைத் தேடுங்கள்.

வீடியோக் கூட்டம் போதுமா? நள்ளிரவு இரண்டு மணிக்கு ஏக்கம் வந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் அந்த நேரத்திலும் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். ஊரில் முகம் தெரிந்துவிடுமோ என்ற பயம் உள்ளவர்களுக்கும், நேரடிக் கூட்டம் எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்கும் அதுதான் வழி. ஆனால் கேமராவை அணைத்துவிட்டுச் சமையல் செய்துகொண்டே கேட்டால் ரேடியோ மாதிரி ஆகிவிடும். முகத்தைக் காட்டுங்கள், ஒரே கூட்டத்துக்கு அதே நாளில் திரும்பத் திரும்பப் போங்கள். மூன்றாவது முறையில் யாராவது உங்கள் பெயரைச் சொல்லி வரவேற்பார்கள். தாய்மொழியில் நடக்கிறதா என்றும் பாருங்கள். ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுகிறவர்கள்கூட வெட்கத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது கொஞ்சம் அலங்கரித்துவிடுகிறார்கள்.

எத்தனை கூட்டம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றால், ஆறு என்பது என் கணக்கு. வேறு வேறு நேரம், குறைந்தது இரண்டு அமைப்பு. ஏஏ-வில் 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்வார்கள். முடிந்தவர்களுக்கு நல்லது, வேலையும் குழந்தையும் உள்ளவருக்கு அது ஒரு தண்டனை. வாரத்துக்கு மூன்று போதும், அந்த மூன்றும் உங்கள் கெட்ட நேரத்தில் அமைந்தால். ஆறு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இன்றிரவு கை பாட்டிலுக்குப் போனால், இந்த ஆறு அறைகளில் யாருக்குப் போன் செய்வேன்? யாருடைய முகம் வருகிறதோ அவர் இருக்கும் அறைதான் உங்கள் அறை. அவருக்கு எழுபது வயது இருக்கலாம், கடவுளைப் பற்றியே பேசுகிறவராகவும் இருக்கலாம். பஸ் டிக்கெட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தவர் இரண்டும்தான்.

பாதியில் எழுந்து வந்த அந்தக் கூட்டத்துக்குத் திரும்பப் போக வெட்கமாக இருக்கிறது என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். நான் ஐந்து மாதம் கழித்துப் போனேன், என் ஆறரை மணிக்கு அது ஒன்றுதான் நடந்தது என்பதால். வாசலில் அதே மனிதர் அதே நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன், பாத்ரூம் அந்தப் பக்கம்" என்றார்.